ஆடாத மேசை ஒன்று

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பெஞ்சமின் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஹாலுக்குள் போய், தான் செய்த மேசையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்தினான். டக் என்றது. கையை எடுத்தான். மறுபடியும் டக்.

சமையலறை அலமாரியில் வேதாகமத்தை வைத்துக்கொண்டிருந்த ரெபேக்காளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கறி வேகவைக்க வேண்டும், நாளைக்கு யூனிபார்ம் புடவையைத் துவைத்துப் போட வேண்டும், கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் இந்த டக்.

“ஆடுது,” என்றான் பெஞ்சமின்.

“எது மாமா?” என்று கேட்டாள், எது என்று நன்றாகத் தெரிந்தும்.

“இதான். போன வாரம்தான் சரி பண்ணேன். நல்லா நின்னுகினு இருந்துச்சி. இன்னிக்கி மறுபடியும் ஆடுது.”

“ஆண்டவர் நாளு. நாளைக்கிப் பாத்துக்கோ.”

அவன் காதில் வாங்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு தரையில் ஒருக்களித்துப் படுத்து, எந்தக் கால் தரையைத் தொடவில்லை என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். பிறகு மேசையைக் கவிழ்த்துப் போட்டு, மற்ற கால்களில் பென்சிலால் கோடு கிழித்து, கைரம்பத்தை எடுத்துவிட்டான். அடைக் கனத்தில் காலுக்கு ஒரு மரவில்லை அறுந்து விழுந்தது. அவற்றை எடுத்துப் பழைய பெயின்ட் பக்கெட்டில் போட்டான். பக்கெட்டில் ஏற்கெனவே இப்படிப்பட்ட வில்லைகள் நிறையக் கிடந்தன. ஏன் எறியாமல் சேர்த்து வைக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை, கேட்கவும் தெம்பில்லை.

நிமிர்த்தி வைத்து அழுத்தினான். இப்போது ஆடவில்லை. ஆனால் இத்தனை வாரம் அறுத்ததில் இடுப்புயரத்துக்கு இருந்த மேசை தொடைக்கு இறங்கியிருந்தது.

ரெபேக்காளுக்கு வேலை மாமல்லபுரத்தை ஒட்டி, கடலோரத்து விடுதி ஒன்றில். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் என்னமோ நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டும் வேலை என்று தெருவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வராத நாளில் அந்த ஆளின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவளுக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பாலான நாட்களில் யாராவது ஒருத்தி வருவதில்லை. மெத்தை உறை மாற்றி, குளியலறை தேய்த்து, செங்கல்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து திருக்கழுக்குன்றத்தில் இறங்கினால், வீட்டில் அடுப்பு அவளுக்காகக் காத்திருக்கும். மகள் ஜெபா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இவளும் பெஞ்சமினும்தான்.

பெஞ்சமின் மறைமலைநகர்ப் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றவன். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த வேலை. கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது, வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். இவன் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே கோழிக்கடை வைத்தான். கோழியை அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் கோழிக்கடை வைத்தால் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. ஷட்டரை இறக்கிவிட்டு வந்த அன்றைக்கு உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தான். எழுந்திருக்கவே இல்லை.

எழுந்திருக்கவில்லை என்றால் நிஜமாகவே எழுந்திருக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் படுத்தவன் கோடை முழுதும் படுத்திருந்தான். குளிக்க வைக்க ஒரு சண்டை, நாலு வாய் சோறு இறங்க ஒரு சண்டை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய் மாத்திரை வாங்கி, அதை உள்ளங்கையில் வைத்து, விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். வேலைக்குப் போன இடத்தில் போன் அடித்தால் வீட்டிலிருந்தா என்றுதான் முதலில் பார்ப்பாள். அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலிலிருந்து கிளப்பியது ரெபேக்காள்தான். கிளப்பி முடித்தபோது தன்னிடமிருந்த ஏதோ ஒன்று அதிலேயே தீர்ந்துபோய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை அவன் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்தால் தன்னால் முடியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் மனசு இதையேதான் சொல்லும்.

மேசை வந்தது போனிலிருந்து. படுத்திருந்தவன் பார்த்த வீடியோக்களில் எவனோ ஒருவன் மரம் இழைத்துக்கொண்டிருந்தான். பார்த்தான், பார்த்தான், ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, “எல்லாரும் ஒண்ணேதான் சொல்றானுங்க. மொதல்ல வேல செய்ய ஒரு மேச பண்ணணுமாம். அது ஆடக் கூடாதாம். அது ஆடுச்சின்னா அதுமேல பண்றது ஒண்ணுமே ஒயுங்கா வராதாம்,” என்றான். அத்தனை நீளமாக அவன் பேசி வெகு காலமாகியிருந்தது. ரெபேக்காள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

செங்கல்பட்டில் இடித்த வீட்டு மரம் விற்கிற கடையில் காலுக்குத் தடித்த சட்டம் வாங்கினான். பெட்டிகளை அடுக்கி அனுப்பும் பலகைத் தட்டுகளைக் கம்பெனிகள் கழித்துப் போடுமே, அவற்றைப் பிரித்து மேல்பலகை போட்டான். உளி பிடிக்கத் தெரியாமல் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டான். முதலில் வெட்டிய பள்ளம் ஒன்று அகலமாகிப்போய், அதில் ஆப்பு அடித்து ஒப்பேற்றினான். காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடங்களில் தடித்த போல்ட்டு போட்டு இறுக்கினான். எதிர்வீட்டு மேஸ்திரியிடம் ரசமட்டம் இரவல் வாங்கிப் பலகையின் மேல் வைத்து, குமிழி நடுவில் நின்றதும் ரெபேக்காளைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம் மேசையின் மேலேயே ஏறிக் குதித்தான். எலும்பும் தோலுமாக இருந்த அந்த மனிதன் குதிப்பதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தாள், சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாஸ்டரம்மாவும் வந்து பார்த்தார். ஆண்டவரே தச்சர்தானே என்று சொல்லி, கிறிஸ்துமசுக்குள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன முக்காலி செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். போகிற போக்கில் கேட்டதை இவன் ஆண்டவரின் அழைப்பாகவே எடுத்துக்கொண்டான். மேசை நிமிர்ந்து நிற்கட்டும், அன்றைக்கே முக்காலியில் கை வைத்துவிடுவேன் என்றான்.

மேசைதான் நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் டக். வாரத்தின் நடுவில் நன்றாக இருக்கும். ஞாயிறு காலையில் ஆடும். அறுப்பான். அடுத்த ஞாயிறு வேறு ஒரு கால் தூக்கிக்கொள்ளும். மரம் காய்ந்து சுருங்குகிறது என்று கொஞ்ச நாள் சொன்னான். மழை ஈரத்துக்கு உப்புகிறது என்று கொஞ்ச நாள் சொன்னான். பிறகு மரத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டான்.

“என் கையிலதான் இன்னாவோ கீது ரெபேக்கா. மெஷினுல நின்ன கை. அது குத்தும், நான் எடுத்து வெப்பேன். அவ்ளோதான் தெரியும் எனக்கு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. சாப்புடு.”

“பசிக்கல.”

பசிக்கவில்லை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் தாடி வளர்ந்தது. கட்டிய லுங்கியே நாள்கணக்கில் இடுப்பில் கிடந்தது. இப்போது தாடி வளரத் தொடங்கியிருந்தது.

அந்த வாரம் விடுதியில் புல்வெளியில் நாஸ்தா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். யாரோ விருந்தாளி வெயில் படுகிறது என்று தன் மேசையைத் தானே நிழலுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு, பிறகு காபி தளும்புகிறது என்று சத்தம் போட்டார். ரெபேக்காளுக்குக் கீழே வேலை பார்க்கும் ஸ்ரீதேவி அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகிவிட்டு வந்து முணுமுணுத்தாள்.

“வெச்ச எடத்துல வெச்சாப் போல இருந்தா ஆடுமா? இஸ்த்துப் போட்டுக்கினு நம்மளத் திட்றாரு. பேஜாரு புடிச்ச ஆளு.”

ரெபேக்காள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். கையில் மடித்த துண்டுகளோடு மாடிப்படி ஏறும்போதுதான் அது உறைத்தது. படியின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சமின் ஞாயிறு ஆராதனைக்காகக் கோயில் பெருக்கப் போவான். பாய் விரித்து, மைக் செட்டைப் பார்த்து வைத்துவிட்டு இருட்டும்போது வருவான். அவனை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்காக அவளே ஏற்பாடு செய்த வேலை அது. அவன் போனதும் அவள் வீடு கழுவுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வீடு கழுவாமல் இருந்த சனிக்கிழமை அவள் வாழ்க்கையில் இல்லை. கழுவும்போது மேசையை ஒருபக்கமாக இழுத்துச் சுவரோரம் தள்ளுவாள். கழுவி முடித்துத் திரும்ப இழுத்து, ஏறக்குறைய இருந்த இடத்தில் விடுவாள். ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி. சில வாரம் தலைமாடு கால்மாடாகக்கூடத் திரும்பியிருக்கும். மேசைதானே என்று நினைத்தாள்.

தரையோ அவளுடைய தரை. இந்த வீடு கட்டும்போது மேஸ்திரியின் பக்கத்திலேயே நின்று, எந்த இடத்திலும் தண்ணி நிற்கக் கூடாது, நாலு பக்கத்திலிருந்தும் மூலை ஓட்டைக்கு ஓடணும் என்று வாட்டம் போடச் சொன்னவள் அவள். சிமென்ட் காய்ந்ததும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது நாலு பக்கமும் சுழித்துக்கொண்டு ஓட்டைக்குப் போனதை உட்கார்ந்து ரசித்தவள். அன்றைக்குப் பெஞ்சமின் ஷிப்டில் இருந்தான். அவன் அந்தத் தரையைக் கழுவியதே இல்லை. இந்த ஊரில் எந்த வீட்டுத் தரையும் சமமாக இருக்காது, இருக்கவும் கூடாது என்பது கழுவுகிறவளுக்குத் தெரியும். நடக்கிறவனுக்குத் தெரியாது. ஒரு இடத்துக்கு என்று அறுத்த கால் இன்னொரு இடத்தில் எப்படி நிற்கும்?

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது சொல்ல வேண்டாம் என்று ஆகிவிட்டது. அறுத்ததெல்லாம் வீண் என்று எப்படிச் சொல்வது? உன் கையில் ஒன்றுமில்லை, உன் பெண்டாட்டிதான் வாராவாரம் உன் மேசையைக் கெடுத்தாள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம் அவன் என்ன ஆகிறானோ அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அலுப்பாக இருந்தது. இனிமேல் மேசையைத் தொடாமல் விட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தாள்.

அந்தச் சனிக்கிழமை மேசையை நகர்த்தாமல் சுற்றிலும் கழுவினாள். அடியில் குனிந்து துடைப்பத்தால் தண்ணீரை ஓட்டினாள். முதுகு விண்ணென்று தெறித்தது. ஞாயிறு கோயிலிலிருந்து வந்து பெஞ்சமின் மேசையை அழுத்தினான். சத்தமில்லை. மறுபடி அழுத்தினான். மேசையின் நான்கு மூலையிலும் போய் அழுத்தினான்.

“நின்னுடுச்சி,” என்றான், நம்பாதவன் மாதிரி.

“நான்தான் சொன்னேனே.”

“கொஞ்சம் தாழ்வாப் போச்சி. பரவால்ல. உக்காந்துகினு வேல செய்யலாம்.”

அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாயங்காலம் தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றான். ரெபேக்காள் மனசுக்குள் தோத்திரம் சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் ஏமாற்றுத்தனமான தோத்திரம்தான். ஆண்டவருக்கு அது தெரிந்திருக்கும்.

மறுநாள் திங்கள். வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹாலில் மேசை இடம் மாறியிருப்பதைப் பார்த்தாள். ஜன்னலோரம் போயிருந்தது. அதன் மேல் முக்காலிக்கு என்று அளவு கிழித்த பலகை, பென்சில், மூலைமட்டம். பாதி அறுத்த இடத்தில் ரம்பம் அப்படியே சிக்கி நின்றது. அவள் மேசையின் மேல் கை வைத்தாள். டக்.

வெளிச்சத்துக்காக அவனே நகர்த்தியிருக்கிறான். முதல் முக்காலிக்கான முதல் பலகையை அறுக்கும்போது மேசை ஆடியிருக்கிறது.

உள்ளறையில் என்ன இருக்கும் என்று போய்ப் பார்க்காமலே தெரியும். ஆனாலும் போனாள். கட்டிலில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முழங்கால் இரண்டையும் மடக்கி, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து, போன தடவை படுத்திருந்த அதே மாதிரி.

“மாமா.”

போர்வையின் மேல் கை வைத்து உலுக்கினாள்.

“மாமா, ஏந்திரு. ஒண்ணு காட்டணும்.”

“இன்னாத்தக் காட்டப் போற?” போர்வைக்குள்ளிருந்து வந்தது குரல். “எட்த்துப்போய் அடுப்புல வெய்யி அத.”

“ஏந்திரு மாமா. ஒரே ஒரு தடவ. அப்பால படுத்துக்கோ.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் திரும்பினான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஹால் வாசற்படியில் நிறுத்தினாள். புறக்கடைக்குப் போய் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிவந்து ஹாலின் நடுவில் ஊற்றினாள். கைப்பை தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் பரந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு நகர்ந்தது. மேசையின் ஒரு காலைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. இன்னொரு காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. பிறகு எல்லாமாகச் சேர்ந்து மூலை ஓட்டையைப் பார்த்து ஓடியது. கொட கொடவென்று ஓட்டையில் இறங்கும் சத்தம் கேட்டது.

“தர சமமில்ல மாமா. நான்தான் அப்டிப் போடச் சொன்னேன், கய்வறதுக்கு. எங்க வெச்சு கால அறுத்தியோ அங்க மட்டுந்தான் அது நிக்கும். சனிக்கெயம வூடு கய்வறப்ப நான் இஸ்த்துட்டு, மறுபடி எங்கியோ வுட்டுடுவேன். எனக்குத் தெரில. போன வாரந்தான் தெரிஞ்சிது.”

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாராவாரம் நீ இஸ்த்தியா?”

“ஆமா.”

“போன வாரமே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப மொத மொதல்ல பண்ணப்பவே சரியாத்தான் பண்ணியிருந்தனா?”

“சரியாத்தான் பண்ணியிருந்த மாமா.”

இதைக் கேட்டால் அவன் முகம் தெளியும் என்று ஒரு மூலையில் அவள் நம்பியிருந்தாள். தெளியவில்லை. குனிந்து, தொடைக்கும் கீழே இறங்கிப்போயிருந்த அந்த மேசையைப் பார்த்தான். பக்கெட் நிறைய வில்லைகளைப் பார்த்தான். அப்புறம் திரும்பி உள்ளே போய்க் கட்டிலில் படுத்தான். போர்வையை இழுத்துக்கொண்டான்.

ரெபேக்காளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் கத்தியதுண்டு, அழுததுண்டு. இந்தக் கோபம் அந்த வகையில் இல்லை. உள்ளறைக் கதவில் சாய்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

“நீ படுத்துக்கிற மாமா. உனக்கு முடியலன்னா படுத்துக்கிற. எனக்கு முடியலன்னா நான் எங்க போய்ப் படுக்கறது? சொல்லு. எனக்கும் முடியல. ரொம்ப நாளா முடியல. நீ அந்தக் கட்டில்ல கீறதால, நான் முடியாம போறதுக்கு எடமே இல்ல.”

சொல்லிவிட்டுக் கதவிலிருந்து விலகினாள்.

சோறு வைக்க வேண்டும். அரிசி களைய வேண்டும். அவள் சமையலறைப் பக்கம் இரண்டடி நடந்து நின்றாள். முடியவில்லை. எங்கேயாவது படுக்க வேண்டும் போலிருந்தது. அவள் படுப்பது எப்போதும் ஹாலில், பாயில். ஹால் முழுக்க அவளே ஊற்றிய தண்ணீர். கட்டிலில் அவன். ஜன்னலோரம் மேசை மட்டும் காய்ந்து கிடந்தது.

ரம்பத்தை உருவித் தரையில் வைத்தாள். பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். மரத்தூளை முந்தானையால் தட்டிவிட்டு, மேசையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். ஏறுவது சுலபமாக இருந்தது, அவ்வளவு அறுத்திருந்தான். கைப்பையைத் தலைக்கு வைத்து, யூனிபார்ம் புடவையோடு ஒருக்களித்துப் படுத்தாள். டக். காலை நீட்டினாள். டக். ஆடட்டும் என்று நினைத்தாள். இந்த உலகத்தில் எது ஆடினாலும் இனி அவளுக்கு அக்கறையில்லை. கண்ணீர் மூக்கின் மேலாக வழிந்து பையில் இறங்கியது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கவும் அலுப்பாக இருந்தது.

எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. தெருவில் மாலைப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் பால்காரரின் வண்டி போகும் சத்தத்தில் அரைகுறையாக விழிப்பு வந்தது. வெளியே இருட்டிவிட்டிருந்தது, மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கன்னத்துக்கு அடியில் பலகை லேசாக உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. கடலில் போகிற படகு மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் குழம்பினாள். பிறகு கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள்.

ஈரத் தரையில் பெஞ்சமின் மல்லாந்து படுத்திருந்தான். லுங்கியும் முதுகும் நனைந்திருந்தன. பக்கத்தில் பெயின்ட் பக்கெட். அறுத்துப் போட்ட வில்லைகளில் ஒவ்வொன்றாக எடுத்து, தடிமன் பார்த்து, ஒரு காலைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கி அடியில் வைத்துக்கொண்டிருந்தான். வைத்துவிட்டு, பலகையின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தான். டக் வந்தது, ஆனால் சின்னதாக. வைத்ததை எடுத்துவிட்டு வேறு வில்லையைத் தேடினான்.

அவள் எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

“அசையாத,” என்றான் கீழேயிருந்து. “நீ ஏந்துகினா எந்தக் காலுன்னு தெரியாது.”

“சோறு வெக்கல மாமா.”

“வெச்சிட்டேன். கொதிக்குது. நீ படு.”

அப்போதுதான் சமையலறையில் உலை கொதிக்கும் சத்தம் அவள் காதில் விழுந்தது. மூடி ஒழுங்காக வைக்கவில்லை, கஞ்சி அடுப்பில் வழிந்து தீயும் வாசனையும் வந்தது. எழுந்து போய்த் தணிக்க வேண்டும் என்று பழக்கத்தில் உடம்பு ஒரு தடவை துடித்தது. கையை மடக்கி மறுபடியும் தலைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே அவன் இரண்டு வில்லைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து உள்ளே தள்ளினான். விளிம்பைத் தட்டினான். சத்தம் வரவில்லை. இன்னொரு மூலைக்குத் தவழ்ந்து போய்த் தட்டினான். அங்கேயும் வரவில்லை.

“நின்னுடுச்சா?” என்று கேட்டாள்.

“பொறு. இன்னும் கொஞ்ச நேரம் அப்டியே படு. பாக்கணும்.”

படு என்று தன்னிடம் யாராவது சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று ரெபேக்காள் யோசிக்கத் தொடங்கினாள். பதில் வருவதற்குள் தூங்கிப்போனாள்.